மூன்று லட்சம் பார்வை வந்தும் முன்னேறுகிறேனா என்று தெரியவில்லை: சுங்கை சிப்புட் தங்கச்சிக்கு ஒரு பதில்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, இரண்டு வருஷமாக வலையொளியில் (யூடியூப்) காணொலி போடுகிறேன். பாட்டியின் தோட்டத்துச் சமையல், பழைய லயத்துக் (தோட்டத்து வரிசை வீடுகள்) கதைகள், கோயில் திருவிழா, இதுதான் பெரும்பாலும். வாரம் ஒன்று. 4,200 பேர் சந்தாதாரர்கள். செம்பனைத் தோட்டத்தில் பாம்பு பிடித்ததை ஒரு நாள் ஷார்ட்ஸாக, அதாவது குறுங்காணொலியாகப் போட்டேன், மூன்று லட்சம் பார்வை வந்தது. மற்றதெல்லாம் 600, 800 தான். பகலில் தொழிற்சாலை வேலை, சம்பளம் 1,900 வெள்ளி (ரிங்கிட்). வேலையை விட்டுவிட்டு முழுசாக இறங்கலாமா என்று ஒரு மனசு, எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்று இன்னொரு மனசு. 'இதுல என்னத்த கண்ட?' என்று அம்மா கேட்கிறார். நான் முன்னேறுகிறேனா இல்லையா என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?"

ஈப்போவில் காணொலித் தொகுப்பும், சிறுதொழில் செய்பவர்களுக்குக் கணக்குப் பார்ப்பதும் என் பிழைப்பு. அதனால் இந்தக் கேள்வி வேறு வேறு வடிவத்தில் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. தங்கச்சி புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய, வலையொளியின் கணக்கு விவரம் காட்டும் ஸ்டூடியோ பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அவர் சம்மதத்தோடு இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். வேலையை இப்போது விடாதீர்கள். காணொலியையும் நிறுத்தாதீர்கள். பாம்புக் காணொலியை உங்கள் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இதை விளக்குவது சுலபம். ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்தில் கிராணி (தோட்டத்து எழுத்தர்) வாளியின் எடையை மட்டும் எழுதிக்கொண்டு ஆளை அனுப்பிவிட மாட்டார். பாலில் மானியை விட்டு, அதில் எத்தனை விழுக்காடு காய்ந்த ரப்பர் தேறும் என்று பார்த்துத்தான் கணக்குப் போடுவார். நல்ல பாலிலேயே நூற்றுக்கு முப்பது, முப்பத்தைந்துதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். மழை விழுந்து, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு நிறைந்த நாளில் வாளி கனக்கும், ரப்பர் கணக்கு ஏறாது. உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், நன்றாகச் சொல்வார். உங்கள் மூன்று லட்சம் அந்த மழைநாள் வாளி.

ஏன் என்று கேட்பீர்கள். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே வலையொளி அதைப் பார்வை என்று எண்ணிக்கொள்கிறது. இத்தனை விநாடி பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் அந்த மூன்று லட்சத்தில் இருக்கிறார். நின்று பார்த்தவர்களின் எண்ணிக்கையை ஸ்டூடியோ தனியாக வைத்திருக்கிறது. பணமும் தகுதியும் அதை வைத்துத்தான். உங்கள் பக்கத்தில் அது பாதிக்கும் கீழே இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று: பாம்பு பார்க்க வந்து சந்தா அழுத்தியவர்களுக்கு அடுத்த வாரம் பாட்டியின் மரவள்ளிக்கிழங்குப் புட்டு போனது. அவர்கள் திறக்கவில்லை. பாம்புக்குப் பிறகு வந்த ஆறேழு காணொலிகளின் தொடக்கப் பார்வை முன்பைவிடக் குறைந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் சமையல் கெட்டுப்போகவில்லை, தங்கச்சி. தவறான ஆட்களின் வாசலில் தட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது காசு விஷயம். பலர் இதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள். நான் விரிவாகவே பேசுகிறேன், ஏனென்றால் வேலையை விடுவதா என்ற கேள்வி இதில்தான் முடியும்.

விளம்பர வருமானம் வர வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்களும், கடைசி 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை வேண்டும். ஷார்ட்ஸ் ஓடையில் பார்க்கப்பட்ட நேரம் அந்த 4,000 மணியில் சேராது. அதனால்தான் 4,200 சந்தாதாரர்கள் இருந்தும் உங்களுக்கு இன்னும் கதவு திறக்கவில்லை. உங்கள் வாராந்தரக் காணொலியைச் சராசரியாக 700 பேர், ஆளுக்கு நாலு நிமிஷம் பார்க்கிறார்கள். ஒரு காணொலிக்கு 47 மணி நேரம் போல வருகிறது. 52 வாரத்துக்கு ஏறக்குறைய 2,400 மணி. இதை 4,000 ஆக்க இரண்டு வழி இருக்கிறது. பார்ப்பவர்களை 1,150 பேருக்கு மேல் உயர்த்தலாம். இல்லையென்றால் அதே 700 பேரை ஆறே முக்கால் நிமிஷம் உட்கார வைக்கலாம். இரண்டாவது உங்கள் கையில் இருக்கிறது, எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

சரி, கதவு திறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நீள் காணொலிகளில் விளம்பரப் பணத்தில் 55 விழுக்காடு உங்களுக்கு, மிச்சம் வலையொளிக்கு. ஆயிரம் பார்வைக்கு உங்கள் கையில் என்ன நிற்கிறது என்பதை ஆர்பிஎம் என்ற எண் காட்டும். அது வலையொளி தன் பங்கை எடுத்த பிறகு உள்ள தொகை. பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் வந்தால் பார்வை பெருகும், ஆனால் ஆயிரத்துக்கு வரும் காசு மலேசியா, சிங்கப்பூர் பார்வையைவிடப் பொதுவாகக் குறைவு. கணக்குக்காக 5 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,900 வெள்ளி வேண்டுமானால் 3,80,000 பார்வை, அதுவும் ஒவ்வொரு மாதமும். இப்போது உங்களுக்கு வாரம் 700.

அந்த 1,900-மே சரியான ஒப்பீடு இல்லை. உங்கள் முதலாளி அதற்கு மேல் 13 விழுக்காடு, ஏறக்குறைய 250 வெள்ளி, உங்கள் ஊழியர் சேமநிதியில் போடுகிறார். சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) கட்டுகிறார். வேலையை விட்ட மறுநாள் அது நின்றுவிடும். அதனால் நீங்கள் ஈடுகட்ட வேண்டிய தொகை 2,150-க்கும் மேல். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. நீங்களே சேமநிதியில் போட்டால் அரசாங்கம் 20 விழுக்காடு சேர்க்கும், ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. நல்ல திட்டம்தான், ஆனால் முதலாளியின் 13 விழுக்காட்டுக்கு அது ஈடாகாது. சம்பளத்தில் வாழும் குடும்பங்கள் இந்த 250 வெள்ளியை வருமானமாக நினைப்பதே இல்லை. வேலையை விட்ட பிறகுதான் தேடுகிறார்கள்.

என் அளவுகோல் இது. காணொலி சார்ந்த வருமானம், ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில், ஆறு மாதம் தொடர்ந்து 2,150-ஐத் தாண்டினால் வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம். ஒரே ஒரு வழியில் வந்தால், அது எவ்வளவு பெரிய தொகையானாலும், பேச வேண்டாம். தளத்தின் விதி ஒரு நாள் மாறினால் சோறு மாறிவிடக் கூடாது. நம் ஊர் அளவில் அந்த இரண்டாவது, மூன்றாவது வழிகள் விளம்பரத்தைவிட சீக்கிரம் வருகின்றன. மசாலாத் தூள், ஊறுகாய் ஆர்டர், கடைத் திறப்புக்கும் கல்யாணத்துக்கும் படம் எடுப்பது, தீபாவளி முறுக்கு. உங்கள் பாட்டியின் கறித்தூளைக் கேட்டு எத்தனை பேர் கருத்துப் பகுதியில் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணினீர்களா? நான் எண்ணினேன், 60-க்கு மேல். அவர்களில் 40 பேர் மாதம் ஒரு பொட்டலம் 15 வெள்ளிக்கு வாங்கினால் 600 வெள்ளி. செலவு போகப் பாதி நின்றாலும் 300. அதே 300-ஐ விளம்பரத்தில் பார்க்க 60,000 பார்வை வேண்டும்.

காசு இத்தனை போதும். ஆனால் நீங்கள் காசுக்காகத்தான் தொடங்கினீர்களா? உங்கள் முதல் காணொலியைப் போய்ப் பார்த்தேன். பாட்டி இல்லாமல் போனால் இந்தக் கைப்பக்குவமும் போய்விடும் என்று சொல்லித்தான் அதைத் தொடங்குகிறீர்கள். அந்த நோக்கத்துக்கு மூன்று லட்சம் பார்வை எந்த விடையும் தராது. வருமானத்துக்காகச் செய்பவர் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும், ஊர் தன்னைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று செய்பவர் வேறொன்றை, மறைந்துபோகிற ஒன்றைப் பிடித்து வைக்கிறவர் முற்றிலும் வேறொன்றை. தளம் இந்த மூவருக்கும் ஒரே எண்ணைத்தான் பெரிய எழுத்தில் காட்டுகிறது. அந்த எண் தளத்துக்குப் பயன்படுவது, உங்களுக்கும் பயன்பட வேண்டும் என்ற அவசியம் இல்லை.

உங்கள் வீட்டில் அம்மா ஏன் அப்படிக் கேட்கிறார் என்பதும் எனக்குப் புரிகிறது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்த காலத்தில் உங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்தே, தோட்டத்தில் வேலை செய்த சுகு பவித்ரா தம்பதி மலாயில் பேசிச் சமைத்து நாடு முழுக்கத் தெரிந்தவர்களானார்கள். அதற்குப் பிறகு சுங்கை சிப்புட்டில் யார் அடுப்புக்கு முன்னால் போனை நிறுத்தினாலும் உறவுக்காரர்கள் அவர்களோடுதான் ஒப்பிடுகிறார்கள். இது நியாயமில்லாத ஒப்பீடு. அவர்கள் பேசியது நாட்டில் எல்லோருக்கும் புரிகிற மொழி, ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். நீங்கள் தமிழில் பேசுகிறீர்கள். மலேசியாவில் இந்தியர்கள் மொத்தமே ஏறக்குறைய 20 லட்சம் பேர். அவர்களில் தமிழ் பேசி, சமையலில் ஆர்வமிருந்து, தோட்ட வாழ்க்கை தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள். அந்தச் சின்ன வட்டத்துக்குள் வாரம் 700 பேர் வருவது குறைவில்லை. ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு 700 பேர் வந்தால் கூட்டம் என்றுதான் சொல்வோம்.

மலாய்க்கு மாறலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மலாய் வசன வரி போடுங்கள், பேச்சை மாற்றாதீர்கள். பாட்டியின் பேச்சுதான் உங்கள் காணொலியின் உயிர்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. நெத்திலி சம்பல் காணொலியின் பார்வையாளர் தக்கவைப்பு வரைகோட்டை எடுத்துப் பாருங்கள். ஒன்பது நிமிஷக் காணொலி. முதல் 25 விநாடி உங்கள் பேர் சுழன்று வருகிறது, உறுமி மேளம் அடிக்கிறது, மேலிருந்து செம்பனைக் காடு தெரிகிறது. கோடு அங்கேயே செங்குத்தாக விழுந்துவிட்டது. அரை நிமிஷத்தில் நூற்றுக்கு 48 பேர்தான் மிச்சம். அதற்குப் பிறகு மெதுவாகச் சரிகிறது. ஐந்தாவது நிமிஷத்தில் ஒரு மேடு. அந்த இடத்தில் என்ன இருக்கிறது? பாட்டி பெலாச்சானை (இறால் விழுது) சட்டியில் போட்டு வாட்டிக்கொண்டே, சம்பள நாள் வரைக்கும் மளிகைக் கடைக்காரர் கடன் புத்தகத்தில் எழுதிவைத்த கதையைச் சொல்கிறார். கேட்டவர்கள் பின்னால் தள்ளித் திரும்பக் கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் கோடு மேலே ஏறுகிறது. அதே மாதிரி மேடு நான் பார்த்த நாலு காணொலிகளில் இருக்கிறது. நாலிலும் பாட்டி பழைய கதை சொல்லும் இடம்.

மேளத்தை எடுத்துவிடுங்கள். பாட்டியின் ஒரு வாக்கியத்தோடு தொடங்குங்கள். ஆறே முக்கால் நிமிஷம் என்று முன்னால் சொன்னேனே, அதற்கு வழி இதுதான். தலைப்பும் முகப்புப் படமும் எத்தனை பேரை உள்ளே இழுக்கிறது என்பதையும் ஸ்டூடியோ காட்டும். பாதி ஒளிவரிசைகளுக்கு அது 2 முதல் 10 விழுக்காட்டுக்குள் இருக்கும் என்று வலையொளியே சொல்கிறது. உங்களுடையது 5.1. அதை நோண்ட வேண்டாம்.

அப்புறம், பாட்டி ரப்பர் மரம் சீவிக் காட்டிய காணொலி. வெறும் 900 பார்வை. உங்கள் பட்டியலில் கீழே கிடக்கிறது, தோல்வி என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதன் கருத்துப் பகுதியை நான் ராத்திரி முழுசாக வாசித்தேன். கிள்ளானில் ஒரு தாமானில் (குடியிருப்பு) இருக்கும் ஒரு அம்மா, தான் அதே தோட்டத்தில் மூன்றாவது லயத்தில் பிறந்ததாக எழுதியிருக்கிறார். கீழே இன்னொருவர், "நீங்க மண்டோர் (மேற்பார்வையாளர்) வீட்டுப் பிள்ளையா? உங்கப்பா எங்களுக்கு நாலு மணிக்குப் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கு) மணி அடிப்பாரு" என்று கேட்கிறார். அதற்குக் கீழே இருபது பதில்கள். யார் எங்கே போனார்கள், யார் இறந்துவிட்டார்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார் பேர் என்ன. சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவர், இந்த வருஷத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், சாமியைக் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். தோட்டம் வீட்டுமனையாகி, மக்கள் நாலு திசைக்கும் போன பிறகு, இவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்த இடம் உங்கள் காணொலி.

உங்கள் ஊரில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலும் புத்தகங்களில் இருக்கின்றன. துண்டாடல் சேதி வந்த அன்றைக்கு உங்கள் பாட்டியின் லயத்தில் யார் அழுதார்கள், அன்று ராத்திரி அடுப்பில் என்ன இருந்தது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். இந்த வேலையில் நீங்கள் வென்றுகொண்டிருக்கிறீர்கள். இதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை, அந்தக் கருத்துகளை வாசித்துவிட்டுச் சொல்கிறேன்.

ஆகவே மாதத்துக்கு ஒரே ஒரு தரம், முதல் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நோட்டில் எழுதுங்கள். திரும்பி வரும் பார்வையாளர்கள் எத்தனை பேர். நீள் காணொலிகளின் சராசரிப் பார்வை நேரம். சொந்த நினைவைப் பகிர்ந்த கருத்துகள் எத்தனை, கைகூப்பும் படமும் இதயமும் இதில் சேராது. புதிதாகப் பதிவான தோட்டத்தின் பேர், ஆளின் பேர், பக்குவத்தின் பேர். விளம்பரம் தவிர்த்து வந்த காசு. கடைசியாக, அந்த மாதம் இந்த வேலைக்குப் போன மணி நேரம், அதில் தூக்கத்திலிருந்து எடுத்தது எவ்வளவு. இந்தக் கடைசி எண்ணைப் பலர் எழுதுவதில்லை. நீங்கள் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து தொகுப்பு செய்வதாகச் சொன்னீர்கள். மாதா மாதம் தூக்கம் தேய்ந்துகொண்டே வந்தால், மற்ற எல்லா எண்களும் ஏறினாலும் முன்னேறுகிறீர்கள் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாரம் ஒன்று என்பதை மாதம் மூன்றாக்குங்கள். 4,000 மணி கொஞ்சம் தள்ளிப்போகும், போகட்டும். இடையில் தினமும் ஸ்டூடியோவைத் திறக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு நாள் எண்ணில் படிக்க ஒன்றுமே இல்லை.

அம்மாவிடம் எண்களைக் காட்டி வாதாட வேண்டாம். மரம் சீவும் காணொலியின் கருத்துகளை உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். அதில் அவருக்குத் தெரிந்த பேர்கள் இருக்கும்.

சில நடைமுறை விஷயங்கள் பாக்கி. கறித்தூள் விற்கத் தொடங்கினால் முப்பது நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிந்துகொள்ளுங்கள். சொந்தப் பேரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பேர் வைத்தால் 60. தொழில் வருமானம் சேர்ந்துவிட்டால், சம்பளக்காரர்கள் வருமான வரிக்கு ஏப்ரலில் அனுப்பும் பிஇ பாரம் உங்களுக்குப் பொருந்தாது, ஜூன் 30-க்குள் பி பாரம் அனுப்ப வேண்டும். கடைக்காரர் காசுக்குப் பதிலாக மிக்ஸி கொடுத்தாலும் அதன் மதிப்பு வருமானம்தான், எழுதிவையுங்கள். விளம்பரக் கணக்குத் திறந்த பிறகு அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பச் சொல்வார்கள், தள்ளிப்போடாதீர்கள். நிரப்பினால் அமெரிக்காவிலிருந்து பார்ப்பவர்களால் வரும் பங்கில் மட்டும் 30 விழுக்காடு பிடிப்பார்கள், மலேசியாவுக்கு அதில் சலுகை ஒப்பந்தம் இல்லை. நிரப்பாவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் மொத்த வருமானத்தில் 24 விழுக்காடு வரை போகும். முதல் 100 டாலர் சேரும் வரை பணம் வங்கிக்கு வராது, அதனால் முதல் சில மாதம் ஒன்றும் வரவில்லையே என்று பதற வேண்டாம்.

பாம்புக் காணொலியை அழிக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அழிக்க வேண்டாம், அது ஒன்றும் செய்யாது. அந்த மாதிரி இன்னொன்று மட்டும் போடாதீர்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. எடுத்த படத்தைப் போனில் இடமில்லை என்று தொகுத்தவுடன் அழித்துவிடுவதாகச் சொன்னீர்கள். இனிமேல் செய்யாதீர்கள். பாட்டி பேசிய முழுப் பதிவையும், காணொலியில் சேர்க்காத பகுதிகளோடு, இரண்டு வெவ்வேறு ஹார்ட்டிஸ்கில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று வேறு ஒருவர் வீட்டில். ஒவ்வொரு கோப்புக்கும் தேதி, தோட்டத்தின் பேர், பேசியவர் பேர் போட்டு வையுங்கள். அடுத்த சம்பளத்தில் கேமராவுக்கு ஸ்டாண்ட் வாங்கப் போவதாக எழுதியிருந்தீர்கள், அந்தக் காசில் முதலில் இதை வாங்குங்கள்.